சூசைமாணிக்கத்தின் காதுப் பஞ்சு

மலையில் குடியிருப்பவனுக்குக் காது அடைப்பது ஒரு நோயே அல்ல. வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் ஏறினால் டம்டம் பாறை வரும்போது ஒரு காது அடைக்கும். ஊத்து என்ற ஊர் வரும்போது மறு காதும் அடைக்கும். எச்சிலை விழுங்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஊத வேண்டும். பெருமாள்மலை தாண்டுவதற்குள் டப்பென்று திறந்துவிடும். புதிதாக வருகிற டூரிஸ்டுதான் இதற்கெல்லாம் பயப்படுவான், நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிப்போம்.

எனக்கும் அப்படித்தான் அடைத்தது. திறக்காமல் போனபோது நாளைக்குத் திறக்கும் என்று இருந்தேன். அப்படி நான் இருந்தது நான்கு வருஷம். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வருகிறது.

என் பெயர் மரியசெல்வம். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். சனி ஞாயிறுகளிலும் திருவிழாக் காலங்களிலும் ஞானவேல் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். ஊரைவிட்டுப் போன ஒரு அமெரிக்க வாத்தியார் தன் மகனுடைய கிடாரை என்னிடம் விட்டுப்போனார். நாலே நாலு தடித்த தந்தி, அடித்தொண்டைச் சத்தம். பாட்டைக் கேட்கிறவனுக்கு இப்படி ஒரு வாத்தியம் இருப்பதே தெரியாது. அது நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஐந்து வருஷமாக என் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, "நீங்க அதுல என்ன செய்றீங்க?" என்று கேட்டார். நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். எனக்குக் கோபம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது.

அந்தக் காலத்தில் கச்சேரிக்குக் குழாய் ஸ்பீக்கர்தான். கல்யாண வீட்டில் மரத்தில் கட்டுவார்களே, அதேதான். ஞானவேலின் குரல் அதில் கணீரென்று வரும். என் பேஸ் மட்டும் தகரத்தில் கடலையை உருட்டியது போல வரும். எழுபத்தாறாம் வருஷம் பஜாரில் ரேடியோ கடை வைத்திருந்த பஷீர் அகமது பாயிடம் போய் நின்றேன். பாய் கைராசிக்காரர். சில்வர் ஓக் பலகையில் ஒரு பெட்டி அடித்து, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை அதில் பொருத்தி, முப்பது வாட்ஸில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் செய்து தந்தார். முதல் நாள் அதில் தந்தியைத் தட்டியபோது மேடைப் பலகை அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் சத்தம் பத்தவில்லை என்றேன். பாய் அறுபது வாட்ஸ் ஆக்கினார், ஸ்பீக்கரும் பதினைந்து அங்குலம் ஆனது. எழுபத்தொன்பதில் அதுவும் பத்தவில்லை என்றேன். நூற்றிருபது ஆனது. பெட்டியைத் தரையில் வையுங்கள், மூன்று அடி தள்ளி நில்லுங்கள் என்று பாய் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தானே போகும், என் காது என்ன முழங்காலிலா இருக்கிறது என்று நான் கேட்பேன். இரண்டு இரும்பு நாற்காலியை அருகருகே போட்டு, அதன் மேல் பெட்டியை ஏற்றி, இடது காதுக்கு நேராக வைத்துக்கொள்வேன்.

வலது காதுப் பக்கம் டிரம்ஸோடு உட்கார்ந்திருப்பவன் சூசைமாணிக்கம். என் சிநேகிதன். பேஸும் டிரம்ஸும் ஒட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் பாட்டு நொண்டும். அவன் காலால் மிதித்து மூடுகிற இரட்டைத் தட்டு இருக்கிறதே, ஹைஹேட், அதன் 'ச்சிக் ச்சிக்'கைக் கேட்டுத்தான் நான் தந்தியைத் தட்டுவேன். நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலேயே மூன்று மணி நேரம் வாசிப்போம்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, அதில் பஞ்சை நனைத்து, புளியங்கொட்டை அளவுக்கு உருட்டி வைத்திருப்பான். கச்சேரி ஆரம்பிக்கும் முன் காதுக்கு ஒன்றாகத் திணித்துக்கொள்வான். கொடைக்கானலில் இதை யாரும் கவனிக்கவில்லை. இங்கே பனிக்குப் பயந்து பாதி ஊர் காதில் பஞ்சோடுதான் திரிகிறது. ஆனால் சூசையின் பஞ்சு பனிக்கு அல்ல. அவன் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பு மில்லில் எட்டு வருஷம் இருந்தவன். அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேச மாட்டார்களாம், எல்லாம் கை ஜாடைதானாம். பழைய ஆட்கள் வீட்டுக்குப் போயும் பெண்டாட்டியிடம் ஜாடையில்தான் சோறு கேட்பார்கள் என்று சொல்வான். நான் அதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்டுச் சிரித்தேன்.

எனக்கும் ஒரு ஜோடி உருட்டித் தந்தான். நான் அதை அவன் கண்ணெதிரே தூக்கி எறிந்தேன். "பேஸ் வாசிக்கிறவனக் காத அடைக்கச் சொல்றியே, சமையக்காரன் நாக்கக் கட்டிக்கிட்டாடா சமைப்பான்?" என்று கேட்டேன். குழுவே சிரித்தது. சூசையும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் தரவில்லை.

எண்பத்தொன்று சித்திரையில் கன்னிவாடியில் ஒரு திருவிழாக் கச்சேரி. இறங்கும்போதே எனக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டது. மலை இறங்கினால் அடைக்கத்தானே செய்யும். மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், திறக்கவில்லை. மேடை ஏறினோம். மூன்றாவது பாட்டு வேகமான பாட்டு. நடுவில் ஹைஹேட்டைக் காணோம்.

திரும்பிப் பார்த்தேன். சூசையின் கால் மிதிக்கிறது. கோல் போய்த் தட்டில் படுகிறது. சத்தம் இல்லை. பட்டும் படாமல் தட்டி ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் காதைப் பார்த்தேன். சித்திரை வெயில் அடங்காத ஊர், சட்டையெல்லாம் பிழிந்து ஊற்றலாம், அதிலும் இவன் காதில் பஞ்சு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அந்தக் கோபத்தில் தாளக் கணக்குத் தவறி ஒரு தட்டு முன்னால் போய்விட்டேன். ஞானவேல் பாடுவதை நிறுத்தாமலேயே என்னை முறைத்தார். முன் வரிசையில் யாரோ என்னைக் காட்டிச் சிரித்தார்கள். ஆயிரம் பேர் நடுவில் எனக்கு மானம் போயிற்று.

கீழே இறங்கியதும் எல்லார் முன்னாலும் கத்தினேன். காதை அடைத்துக்கொண்டு வாசிக்கிறவனுக்குத் தன் கை எங்கே போகிறது என்று எப்படித் தெரியும், இவன் தூங்குகிறான், நான் அசிங்கப்படுகிறேன் என்றேன். ஞானவேலைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் இருந்தால் நான் இல்லை என்றேன். நான் இல்லை என்றால் நூற்றிருபது வாட்ஸ் பெட்டியும் இல்லை. அது ஞானவேலுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வேன் மலை ஏறியது. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். சூசை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு ஏதோ பேச ஆரம்பித்தான். வேன் முக்கி முனகி ஏறுகிறது, எனக்குக் காது அடைத்திருக்கிறது, அவனோ தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறான். ஒரு வார்த்தை விழவில்லை. ஆனால் தலை குனிந்து ஒருவன் இவ்வளவு நேரம் பேசினால் அது மன்னிப்பைத் தவிர வேறென்னவாக இருக்கும்? பெரிய மனுஷன் போலத் தலையை ஆட்டினேன்.

"தெரியும்டா. எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவமானம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஞானவேல் அவனை வர வேண்டாம் என்றபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் லீமாவிடம் சொன்னேன். லீமா என் மனைவி, பள்ளங்கி ஊர்க்காரி. அவள் ஏதோ சொன்னாள். வாய்க்குள்ளேயே பேசாதே என்று அவளையும் சத்தம் போட்டேன். சூசை டிரம்ஸை விற்றுவிட்டு மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவன் இடத்துக்குக் கந்தவேல் என்று ஒருவன் வந்தான். நல்ல கை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். இவனும் தட்டைத் தொட மாட்டேன் என்கிறான் என்று ஞானவேலிடம் சொன்னேன். ஞானவேல் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எண்பத்து மூன்று மார்ச். சீசனுக்கு முன்னால் பெட்டியைச் சரிபார்க்க பாய் கடைக்குக் கொண்டுபோனேன். சத்தம் தெளிவாக இல்லை என்று நான் அரித்ததில், பாய் அதில் கீச்சுச் சத்தங்களுக்கென்று சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் சேர்த்திருந்தார். அதைச் சோதிக்க அவரிடம் ஒரு கருவி உண்டு. முன்பக்கம் ஒரு பெரிய குமிழ், சுற்றிலும் எண்கள். குமிழைத் திருப்பத் திருப்ப அடித்தொண்டை உறுமலில் தொடங்கி கீச்சுக் குரல் வரை ஒரே சத்தம் ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் பிசிறுகிறது என்று அதில் கண்டுபிடித்துவிடுவார்.

பாய் குமிழைத் திருப்பினார். உறுமல் என் நெஞ்சில் இடித்தது. பிரமாதமாக இருந்தது. சத்தம் மேலே ஏறியது, இன்னும் ஏறியது, மெலிந்தது, நின்றது.

"ஏன் பாய் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

பாய் குனிந்து குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடை வாசலில் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்க வந்திருந்த அழகம்மாள் நின்றிருந்தார், மார்க்கெட்டில் கேரட் விற்கிறவர். அவர் ரேடியோவைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடினார்.

நான் அவரைப் பார்த்தேன். பாயைப் பார்த்தேன். பாயின் முகமும் சுருங்கியிருந்தது. எதிர்த்த கடைக்காரர் எழுந்து நின்று எங்கள் பக்கம் பார்த்து ஏதோ திட்டினார். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. முடி வெட்டும் கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது போல எல்லாரும் வாயை அசைத்தார்கள்.

"ஐயா, அத நிறுத்தச் சொல்லுங்க, மண்டைக்குள்ள ஊசி குத்துது" என்று என் காதருகே வந்து கத்தினார் அழகம்மாள். அவர் என்னிடம்தான் சொன்னார்.

நான் சிரித்தேன். காது அடைத்திருக்கிறது, மலை ஏறி வந்தது என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்து ஊதினேன். இன்னொரு தடவை ஊதினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை ஊதினேன்.

பாய் கருவியை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேராக வந்து சொன்னார். "தம்பி, நீங்க மலை எறங்கி ஏறி ஒம்பது நாளாச்சு. இன்னுமா அடைச்சுக் கெடக்கு?"

அவர் சொன்னது உண்மை. கடைசியாகப் போனது வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்கு. அதற்குப் பிறகு நான் கொடைக்கானலை விட்டு நகரவே இல்லை. ஒன்பது நாளாக அடைத்தே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு முன்னால் எப்போது திறந்திருந்தது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார் பாய். சத்தம் கேட்கும்வரை கையைத் தூக்கி வைத்திருங்கள், கேட்காவிட்டால் இறக்குங்கள் என்றார். இறக்கினேன். திரும்பிப் பார்த்தபோது குமிழின் முள் பாதி தூரத்திலேயே நின்றிருந்தது. மிச்சப் பாதி முழுக்க எனக்கு இல்லை. என் பேஸ் மட்டும் கீழ்ப்பாதியில் பத்திரமாக இருந்தது. அதனால்தான் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் சத்தம் எனக்குக் கேட்டது, அடுத்தவன் சத்தம்தான் போயிருந்தது.

அப்போது ஒன்று உறைத்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"பாய், சூசையோட தட்டு... அந்த ஹைஹேட்டு, இதுல எங்க வரும்?"

பாய் கருவிப் பக்கம் குனிந்தார். பிறகு குமிழைத் திருப்பினார். முள் நான் கையை இறக்கிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினார். அழகம்மாள் மறுபடி காதைப் பொத்தினார்.

"இங்க தம்பி" என்றார்.

நான் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பஜாரில் ஜீப் போகிறது, ஆட்கள் பேசுகிறார்கள், எல்லாம் கம்பளிக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது. சூசை தட்டியிருக்கிறான். கன்னிவாடியில் ஒவ்வொரு தட்டையும் தட்டியிருக்கிறான். அங்கே கூடியிருந்த ஆயிரம் பேருக்கும் அது கேட்டிருக்கிறது. கேட்காதவன் நான் ஒருவன்தான். காதைக் காப்பாற்றி வைத்திருந்தவனை, காது போனவன் விரட்டியிருக்கிறேன். பஞ்சு வைத்திருக்கிறான் என்று சொல்லியே விரட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஆபீஸுக்குப் போனேன். என் டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கிற மணி வேலை செய்யவில்லை என்று இரண்டு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அவன் ஒன்றும் பழுதில்லை என்று சொன்னான். இரண்டாம் தடவை அவனைத் திருட்டுப்பயல் என்று திட்டி அனுப்பினேன். மூடியைக் கழற்றிவிட்டு ஒரு வரி அடித்தேன். ஓரத்துக்கு வந்ததும் குட்டிச் சுத்தியல் ஒன்று எழுந்து மணியில் பட்டது. மணி அதிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்து மேஜையில் ஹெட் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தினமும் கேட்கிற மணி. நான் திரும்பத் திரும்ப அடித்தேன். சுத்தியல் எழுந்து எழுந்து படுத்தது.

வீட்டில் லீமாவிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவள் எப்போதுமே என்னோடு அப்படித்தான் பேசுகிறாள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"நீங்க பக்கத்துல இருக்கப்பவே குக்கர் எட்டு விசில் அடிச்சுப் பருப்பு கருகிருச்சு. குக்கரக் கொண்டுபோயி மாத்திட்டு வந்தீங்க. நான் எதாச்சும் சொன்னா வாய்க்குள்ள பேசுறேன்னு கத்துவீங்க. அதான் விட்டுட்டேன்ங்க."

எனக்குத் தெரியாமலே என் வீட்டில் லீமாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த அதிர்ச்சி பாய் கடையில் பட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

மதுரையில் ஒரு காது டாக்டரிடம் போனேன். மலை ஏறும்போது அடைப்பது வேறு, அது காற்று, தானே சரியாகும் என்றார் அவர். இது உள்ளே நரம்பு பட்டுப்போனது, பல வருஷமாகப் பெரிய சத்தத்தின் பக்கத்திலேயே நின்றதால் வந்தது, போனது போனதுதான் என்றார். எப்போது திறக்கும் என்று நான் முட்டாள்தனமாக மறுபடி கேட்டேன். திறப்பதற்கு அங்கே எதுவும் சாத்தியிருக்கவில்லை என்றார். இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு சின்ன டப்பாவைத் தந்தார். திறந்தேன். ரப்பரில் இரண்டு குட்டி அடைப்பான். சூசை உருட்டித் தந்த மெழுகுப் பஞ்சு எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவம், அதே அளவு.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பி மன்னவனூர் பஸ்ஸைப் பிடித்தேன். பூம்பாறை தாண்டியதும் குளிர் எலும்பில் ஏறியது. வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னித்துவிடு என்பது போதாது. திரும்ப வா என்று கூப்பிட வேண்டும், ஞானவேலிடம் நானே நின்று பேச வேண்டும், கந்தவேலுக்கு வேறு குழு பார்த்துத் தர வேண்டும். அவன் மட்டும் வந்து உட்கார்ந்து ஒரு தடவை காலை மிதித்தால் போதும், எனக்குக் கேட்காவிட்டாலும் அவன் முழங்காலைப் பார்த்தாவது வாசிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புல்வெளிச் சரிவில் சூசை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். தலையில் மங்கி கேப், தோளில் கம்பளி. கீழே முந்நூறு ஆடு இருக்கும், சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் இரண்டு விரலை வாயில் வைத்தான். கன்னம் உப்பியது.

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முந்நூறு ஆடும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன.

நான் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்டுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. வாய்விட்டு அழுதேன். அழுகிற சத்தத்துக்குத்தான் அவன் திரும்பியிருக்க வேண்டும். ஓடி வந்தான். நான் பாய் கடையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, முள், டைப்ரைட்டர் மணி, டாக்டர். ரப்பர் அடைப்பானை எடுத்துக் காட்டினேன். என் கண்ணைப் பார்க்காதே, காறித் துப்பு என்றேன்.

அவன் ரப்பரை வாங்கி உருட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. பாய் கடையில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி அவன் முகம் ஆனது. நிறம் வடிந்துவிட்டது. என்னைவிட அவனுக்குத்தான் பெரிய அடி விழுந்தது போல நின்றான்.

"ஏலே, அப்ப உனக்குத் தெரியாதா?" என்றான்.

எது என்றேன்.

"வேன்ல சொன்னேனேடா. உனக்குக் காது போயிக்கிட்டு இருக்கு, மில்லுல இப்படித்தான் ஆரம்பிக்கும், வெரசா டாக்டரப் பாருன்னு சொன்னேன். ஞானவேலுகிட்ட நான் வாயத் தெறக்க மாட்டேன்னும் சொன்னேன். நீ தெரியும்டான்னு தலைய ஆட்டுன."

பிறகு அவன் சொன்னதை நான் அவன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். காது போனது தெரிந்தும் பழியைத் தன் மேல் போடுகிறானே, அவ்வளவு பயந்துபோயிருக்கிறானே என்று நினைத்தானாம். பேஸ் இல்லையென்றால் இவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று நினைத்தானாம். ஞானவேலிடம் உண்மையைச் சொன்னால் மறுநாளே என்னை அனுப்பிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் தானே போய்விட்டான். டிரம்ஸை விற்றான். இரண்டு வருஷமாக, நான் டாக்டரிடம் போயிருப்பேன், இருக்கிற காதையாவது காப்பாற்றியிருப்பேன் என்று நம்பிக்கொண்டு இந்தப் பனியில் ஆடு மேய்த்திருக்கிறான். நானோ அந்த இரண்டு வருஷமும் நூற்றிருபது வாட்ஸைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவன் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு பலனும் இல்லை. மேடையில் இருந்திருந்தாலாவது என் பெட்டியைப் பிடுங்கித் தரையில் வைத்திருப்பான்.

திரும்ப வா என்று கூப்பிட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாடா என்று மட்டும் சொன்னேன். அவன் வெகுநேரம் ரப்பரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினான். தன் கை விறைத்துப்போய்விட்டது, கோல் பிடிக்க வராது என்றான். அது உண்மையா, என்னோடு மறுபடி மேடையில் உட்கார மனம் வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. எழுந்து ஆடுகளைப் பார்த்து நடந்தான்.

நான்கு அடி போனவன், திரும்பாமலேயே ஏதோ சொன்னான். தோள் அசைந்ததை வைத்துத்தான் பேசுகிறான் என்று தெரிந்தது. என் தலை தானாக ஆடப் போனது. வருஷக்கணக்கான பழக்கம். கழுத்தை இறுக்கி அதை நிறுத்தினேன்.

"கேக்கலடா சூசை" என்றேன். "எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு."

அதுவரை என் வாழ்நாளில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

அவன் நின்றான். திரும்பி வந்து, என் எதிரே, நான் உதட்டைப் பார்க்கும்படி குனிந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கு வேன்ல கேட்டிருக்கலாம்லடா" என்றான்.

பிறகு, முதலில் சொன்னதைத் திரும்பச் சொன்னான். "பனி எறங்குது. காதுல பஞ்ச வச்சுக்க."